படகு எண்: தெளிவில்லை

ஜனவரி 20, திங்கள். மன்னார்

இன்று சேர்ந்தேன். எட்டு வாரப் பயிற்சி. அமைப்பின் பெயர் 'இருகரை'. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உள்ள மீனவர்கள் சேர்ந்து தொழில் செய்தால் சண்டை குறையும் என்று நம்புகிறவர்கள். சென்னை அலுவலகத்தில் நேர்காணல் நடந்தபோது, "ஏன் இந்த வேலை?" என்று கேட்டார்கள். பொருளாதாரம் படித்தேன், கடற்கரையில் பிறந்தேன் என்றேன். அது போதுமாக இருந்தது.

இங்கே பொறுப்பாளர் நளாயினி அக்கா. ஐம்பது வயதிருக்கும். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். நடக்கப்போகும் திட்டத்தைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். நறுவிலித்துறை என்ற ஊரில் நண்டு பிடிக்கும் பெண்களும் எங்கள் கரையில் தொண்டிப் பக்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரே நிறுவனமாக நண்டு விற்பது. அதற்குப் பதிலாக எங்கள் கரையின் விசைப்படகு உரிமையாளர்கள், நண்டுக் காலத்தில் இந்தக் கரையை நெருங்குவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் கூட்டம்.

என் வேலை: ஊருக்குப் போய் வலைச் சேதங்களைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, நகல் எடுப்பது. நகல் இயந்திரம் மூன்றாவது பக்கத்தில் காகிதத்தை மென்றுவிடுகிறது.

தங்கும் அறையில் மின்விசிறி ஓடுகிறது, காற்று வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

நறுவிலித்துறைக்கு முதல் பயணம். கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டகைகள், கண்ணாடியிழைப் படகுகள், நண்டு வாடை. எங்கள் ஊர்க் கரை போலவே இருந்தது என்று எழுத வந்தேன். இல்லை. எங்கள் ஊரில் பெரிய படகுகள் வரிசையாக நிற்கும். இங்கே ஒன்றுகூட இல்லை.

பெண்கள் சங்கத் தலைவி யசோமலர் அக்கா. நாற்பது வயது. கணவர் நாகேந்திரம் அண்ணன் கடலுக்குப் போகிறவர். வலைகள் அக்காவின் பெயரில் சங்கத்தில் எடுத்தவை. தேத்தண்ணி தந்துவிட்டு என்னை விசாரித்தார்.

"நீங்கள் எந்த இடம்?"

"ராமநாதபுரம் ஜில்லாக்கா."

"ஓ, அங்கால கரையோ! அப்பா என்ன செய்யிறார்?"

"ஐஸ் கட்டி வியாபாரம்."

பொய் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் பங்கு உண்டு.

"நல்லது. றோலர்க்காரர் ஆரும் எண்டால் உங்களுக்கு இண்டைக்குத் தேத்தண்ணி கிடைச்சிராது" என்று சிரித்தார். இழுவைமடிப் படகை இங்கே றோலர் என்கிறார்கள். நானும் சிரித்தேன். தேநீரில் சீனி அதிகம்.

ஜனவரி 27, திங்கள்

இன்று ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை. திங்கள், புதன், சனி மூன்று நாளும் போகமாட்டார்களாம். அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்துப் படகுகள் வருகின்றன. தெரிந்த விஷயம்தான். திங்கள், புதன், சனி எங்கள் வீட்டில் அதிகாலையில் எழுந்து சமைப்பார்கள். அந்த நாட்களில் இன்னொரு கரையில் அடுப்பு தாமதமாகப் பற்றும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிற்பகல் முழுக்க நகல் எடுத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

யசோமலர் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. நண்டுக் கறி. "விடுதிச் சாப்பாட்டில மெலிஞ்சு போனாய், இனி ஞாயிறு எல்லாம் இஞ்ச வா" என்றார். 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. நண்டை உடைக்கத் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தேன். ஐஸ் வியாபாரி மகளுக்கு அவ்வளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அக்காவே காலை உடைத்துச் சதையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

நாகேந்திரம் அண்ணன் அதிகம் பேசமாட்டார். இந்த வருடம் நண்டு நன்றாகப் படுகிறது என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார், கடலுக்குக் கேட்டுவிடும் என்பது போல.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு நளாயினி அக்கா கதவைத் தட்டினார். வேனில் போனோம்.

ஞாயிறு மாலை போட்ட நண்டு வலைகளைக் காற்று பலமாக இருந்ததால் திங்கள் விடியுமுன் எடுத்துவிட முடியவில்லையாம். மாலை காற்று அடங்கியதும் நாகேந்திரம் அண்ணன் வலைக்குக் காவலாகத் தனியே போயிருக்கிறார். திங்கள் இரவு என்பதால் யாரும் கூட வரவில்லை. இழுவைப் படகுகள் வந்தன. விளக்கைக் காட்டிக் கத்தியிருக்கிறார். மற்றவை விலகிப் போய்விட்டன. ஒன்று மட்டும் வலைமேலேயே வந்தது. அப்போது விடியத் தொடங்கியிருந்தது. ஃபோனில் படம் எடுத்திருக்கிறார்.

கரையில் மிஞ்சிய வலையைக் குவித்திருந்தார்கள். முழு வலையில் கால்வாசி இருக்கும். யசோமலர் அக்கா அதன் நடுவே உட்கார்ந்து, கிழிந்த கண்ணிகளில் உயிரோடு சிக்கியிருந்த நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரோ "விடு யசோ" என்றபோது, "இதுகள் என்ன செய்ததுகள், சாகப்போகுதுகள்" என்றார். அழவில்லை. கை மட்டும் நிற்கவே இல்லை.

நாகேந்திரம் அண்ணன் என்னிடம் வந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. "பிள்ளை, இந்த ஃபோனுக்குள்ள தண்ணி போயிட்டுது. அணைஞ்சு அணைஞ்சு வருது. வீடியோவை உங்கட ஃபோனுக்கு எடுங்கோ. உங்களிட்ட இருந்தால் பத்திரம்."

எடுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு அவர் ஃபோன் நிரந்தரமாக அணைந்துவிட்டது. நகரத்தில் கடைக்காரரிடம் கொடுத்தோம். உள்ளே இருப்பது எதையும் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அலுவலகம் வந்து, கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோவைப் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி. படகு ஆடுகிறது, படமும் ஆடுகிறது. பிறகு பதிவேட்டில் எழுதினேன்.

உரிமையாளர்: யசோமலர். சேதம்: நண்டு வலை, நாற்பதில் முப்பத்தொரு துண்டு. படகு எண்: தெளிவில்லை.

நளாயினி அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "வீடியோவை நான் பார்க்க வேணுமோ?" என்றார். "ரொம்ப ஆடுதுக்கா, ஒண்ணும் தெரியல" என்றேன். அதற்குள் தொலைபேசி அடித்தது.

பிப்ரவரி 12, புதன்

துணி துவைத்தேன். எல்லாத் துணியையும். துவைத்த துணியையும்.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணன் டென்சிலுக்கு ஃபோன் செய்தேன். ஊர் செய்தி எல்லாம் கேட்ட பிறகு, "திங்கக்கிழமை மீன்பாடு எப்படி?" என்றேன்.

"ஏன் கேக்குற?"

"சும்மா."

"நீ சும்மா கேக்குற ஆளா? அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப விடு. அப்பா கேட்டா எல்லைக்கு இந்தப் பக்கந்தான் இழுத்தோம்னு சொல்லிருக்கேன். நீ பாட்டுக்கு எதையும் கிளப்பாத. உன் காலேஜ் ஃபீஸ் எல்லைக்கு இந்தப் பக்க மீன்ல வந்துச்சுன்னா நெனச்ச?"

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 17, திங்கள்

நறுவிலித்துறை மீனவர் சங்கத்தில் கூட்டம். வலை இழந்தவர்களுக்குச் சங்கம் மாற்று வலை தர ஒரு நிதி வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் படகு அறுத்தது என்று காட்டினால்தான் கொடுப்பார்கள். பழைய வலையைத் தாங்களே வெட்டிவிட்டுப் புதியது கேட்டவர்கள் முன்பு இருந்திருக்கிறார்களாம்.

நாகேந்திரம் அண்ணன் எழுந்து, "நான் நம்பரைக் கண்ணால கண்டனான்" என்றார். "கடைசி நாலும் ஒண்டு, நாலு, ஒண்டு, ஏழு. ஏழுக்குக் குறுக்கால ஒரு கோடு கிடந்தது."

சங்கத் தலைவர் பதிவேட்டைத் திருப்பினார். "இஞ்ச தெளிவில்லை எண்டெல்லோ கிடக்கு. வீடியோவில தெரியாத நம்பர் உமக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நாகேந்திரம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"இன்னொருக்கா வடிவாப் பாத்தனியோ, பெனிட்டா?" என்று நளாயினி அக்கா கேட்டார்.

"பார்த்தேன்க்கா."

அப்போது யசோமலர் அக்கா கணவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சரி விடுங்கோ. பிள்ளை படிச்ச பிள்ளை. பாத்துத்தானே எழுதியிருக்கும். உங்களுக்குத்தான் பயத்தில கண் பிசகியிருக்கும்."

மாற்று வலை இல்லை என்று தீர்மானம். நான்தான் தீர்மானத்தை எழுதினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இதை எங்காவது எழுதியாக வேண்டும்.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் எங்கள் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்தார்கள். எண் எழுதும் ஆள் வரவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா என்னிடம் தூரிகையைக் கொடுத்தார். சாரத்தில் ஏறி நின்று எழுதினேன். அப்போது ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவது எனக்கு ஒரு மோகம். கணக்கு டீச்சர் அப்படிப் போடுவார். அப்பா கீழே நின்று பார்த்து, "கடல்ல நூறு படகு நின்னாலும் நம்ம படகைக் கண்டுபிடிச்சிரலாம் பாப்பா" என்றார்.

வீடியோவில் பதினேழாவது விநாடியில் அந்த ஏழு தெரிகிறது. இருபத்தாறாவது விநாடியில் டென்சில் குரல் கேட்கிறது.

வீடியோவை அழித்துவிடலாம் என்று நேற்று இரண்டு முறை விரல் வைத்தேன். அழிக்கவில்லை. அது நேர்மையால் இல்லை. அழித்தால் நான் பார்த்தது உண்மை என்று ஆகிவிடும்.

பிப்ரவரி 21, வெள்ளி

எங்கள் கரையிலிருந்து வரும் குழுவின் பெயர்ப் பட்டியல் வந்தது. தொண்டிப் பக்கத்துப் பெண்கள் மூவர். விசைப்படகு உரிமையாளர்கள் சார்பில் ஒருவர்: திரு. சேசடிமை.

என் அப்பா.

வராண்டாவில் நின்று அவருக்கு ஃபோன் செய்தேன். அவர் குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"உனக்குச் சொல்லாம வந்து நிக்கலாம்னு பாத்தேன், கண்டுபிடிச்சிட்டியா! சங்கத்துல ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான். எம்மக அந்த ஆபீஸ்லதான் இருக்கா, நான் போறேன்னு நானே பேர் குடுத்தேன். நம்மளும் எத்தனை வருசந்தான் ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிட்டே தொழில் பண்றது?"

"அப்பா, இங்க யாருக்கும் நான் போட்டுக்காரர் மகள்னு தெரியாது."

"ஏன்?"

"சொல்லல."

அவர் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கூட்டத்துல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா. இந்த ஒருதரம் மட்டும்."

"சரி பாப்பா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. வேறு எதையும் நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது.

பிப்ரவரி 26, புதன்

யசோமலர் அக்கா இப்போது அடுத்தவர் வாடியில் கூலிக்குப் போகிறார். வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலை. அவசரமாகக் கழற்றுவதால் விரலெல்லாம் கீறல், துணி சுற்றியிருந்தார். நாகேந்திரம் அண்ணன் யாரோடும் பேசுவதில்லை. சங்கத்தில் சிரித்தவர்கள் இப்போது அவரை 'ஏழு' என்று கூப்பிடுகிறார்களாம்.

"கூட்டத்தில நான் கதைக்க வேணுமாம். எனக்கு எழுத வராது. நீ எழுதித் தா பிள்ளை. நடந்ததை நடந்தபடி, வடிவா எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எண்ணைச் சொன்ன இடத்தில் 'ஒரு படகு' என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். 'ஒரு படகு' என்ற இடத்தில் அக்கா என்னை நிறுத்தி முகத்தைப் பார்த்தார். "அதுவும் சரிதான். ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். பிறகு துணி சுற்றிய கையால் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் 5, புதன்

நாகப்பட்டினத்துக் கப்பலில் காங்கேசன்துறை வந்து, அங்கிருந்து வேனில் மாலை நான்கு மணிக்கு மன்னார் வந்தார்கள். நான்தான் பெயர் அட்டை கொடுத்தேன். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், புதிதாக முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். "நன்றிங்க" என்று அட்டையை வாங்கினார். வாழ்நாளில் அவர் எனக்கு நன்றி சொன்னதில்லை. கட்டைப்பையில் அம்மா எனக்காகக் கொடுத்துவிட்ட பலகாரத்தை எப்படித் தருவது என்று தெரியாமல், "இது ஆபீஸ்காரங்க எல்லாருக்கும்" என்று மேசைமேல் வைத்தார்.

எல்லோரும் எடுத்துச் சாப்பிட்டார்கள். நானும் ஒன்று எடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

ஒரு விடுதியின் கூட்ட அறை. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் நான்கு பேர். அதிகாரிகள் யாரும் கிடையாது. நளாயினி அக்கா முதலில் விதியைச் சொன்னார்: இங்கே பேசுவது இந்தக் கதவுக்கு வெளியே போகாது, யாரும் படமோ ஒலியோ எடுக்கக்கூடாது. நான் கடைசியில் கணினியோடும் திரைக் கருவியோடும் உட்கார்ந்திருந்தேன்.

காலை நன்றாகத்தான் போனது. தொண்டிப் பெண்களும் இந்தப் பெண்களும் நண்டு அவிக்கும் விதம் பற்றிப் பேசி, அரை மணியில் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். நிறுவனத்துக்கு என்ன பெயர் வைப்பது என்றுகூடப் பேச்சு வந்தது.

பிறகு யசோமலர் அக்கா எழுந்து தாளை விரித்தார். நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். என் சொற்கள் அவர் வாயில் நன்றாகவே இருந்தன. 'ஒரு படகு' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். தாளை மடித்தார்.

"இது பிள்ளை எழுதித் தந்தது. பிள்ளையில பிழை இல்லை. ஆனால் இந்த இடத்தில எனக்கு வாய் வருகுதில்லை. இருபது வருசம் இந்த மனிசனோட குடும்பம் நடத்திறன். பொய் சொல்லி நான் கண்டதில்லை. அண்டைக்குச் சங்கத்தில நானே கண் பிசகினது எண்டு சொல்லிப்போட்டன். அண்டு தொடக்கம் மனிசன் ஒழுங்காச் சாப்பிடேல்ல. நீங்களே சொல்லுங்கோ, என்ன நம்பர் கண்டனீங்கள்?"

நாகேந்திரம் அண்ணன் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்து, நான்கு எண்களையும் சொன்னார். ஏழின் கோட்டையும் சொன்னார்.

அப்பா நிமிர்ந்தார்.

"அம்மா, நீங்க சொல்றது என் போட்டு நம்பர்" என்றார். ஒளிக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். "மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அந்த ஏழும் என் போட்டு ஏழுதான். ஆனா என் போட்டு உங்க பக்கம் வராதும்மா. என் மகன்தான் ஓட்டுறான். எல்லைக்கு இந்தப் பக்கந்தான் இழுக்கிறான். வேற எப்பவாச்சும் நடுக்கடல்ல பாத்த நம்பர் ஐயா மனசுல நின்னுருக்கும். உங்க ஆபீஸ்லயே வீடியோ பாத்துட்டுத் தெளிவில்லைன்னுதானே எழுதியிருக்காங்க? அந்தக் காகிதம் இந்தா எனக்கும் குடுத்திருக்காங்களே."

பதிவேட்டின் நகலை அவர் தூக்கிக் காட்டினார். நான் எடுத்த நகல். நான் எழுதிய வரி.

"மாதா மேல சத்தியமாச் சொல்றேன்" என்று கையை உயர்த்தினார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நாகேந்திரம் அண்ணன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசித்தேன் என்று இப்போது நினைவில்லை. ஃபோனைக் கணினியில் செருகினேன். திரையில் சாம்பல் நிறக் கடல் விரிந்தது.

எஞ்சின் சத்தம். நாகேந்திரம் அண்ணன் கத்தும் குரல்: "தம்பி, வலை கிடக்கு, வலை கிடக்கு!" பதினேழாவது விநாடியில் நிறுத்தினேன். சுவர் அளவுக்குப் பெரிதாக, குறுக்குக் கோட்டுடன், என் ஏழு.

மறுபடி ஓடவிட்டேன். "அறுத்து விடுரா! நம்ம மடி சிக்கிக்கும், அறுத்து விடு!" டென்சிலின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்து பாப்பா."

நிறுத்தினேன். அவர் சொன்ன அந்தச் சொல் அப்படியே நின்றது. ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். நளாயினி அக்காவின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

யசோமலர் அக்கா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்துவிட்டது.

"ஐஸ் கட்டி வியாபாரம்" என்றார்.

"அக்கா..."

"உங்கட அண்ணன் இருட்டில வந்து அறுத்தவர். நாங்கள் ஆரெண்டு அவருக்குத் தெரியாது. நீங்கள் பகலில, என்ர வீட்டில இருந்து, நான் உடைச்சுத் தந்த நண்டைச் சாப்பிட்டுக்கொண்டு அறுத்தனீங்கள்."

'நீங்கள்' என்றார். அதன் பிறகு என்னிடம் எதுவும் பேசவில்லை.

அப்பா மேசையைச் சுற்றிப் போய் நாகேந்திரம் அண்ணன் முன்னால் நின்றார். இந்த ஊரில், இந்த விஷயத்தை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியும். "என் போட்டுதான்யா. என் மகன்தான். உங்க கண்ணுல பிசகு இல்ல" என்றார். எத்தனை துண்டு வலை என்று கேட்டார். நாகேந்திரம் அண்ணன் பதில் சொல்லவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். வலை போன அன்று அழாதவர்.

கையெழுத்து இன்று இல்லை.

மார்ச் 7, வெள்ளி

நளாயினி அக்கா அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அறைக்குள்ள நடந்தது வெளியில போகாது எண்டு வாக்குக் குடுத்தனான். அது உனக்கும்தான். அறிக்கையில உன்ர பெயர் வராது. ஆனால் சான்றிதழ் தரமாட்டன். கடைசியில வீடியோவைப் போட்டாய், சரி. அதுக்கு முதல் இருபத்திமூண்டு நாள் அந்த மனிசனைப் பொய்யன் ஆக்கி வைச்சிருந்தாய்."

என்மேலும் பிழை உண்டு, நான் பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதைக் கேட்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதிவேட்டை எடுத்து வைத்தார். என் வரியை நான் அடித்துவிட்டு, எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். சங்கத்துக்குப் போகும் நகலையும் திருத்தினேன். அதைக் கொடுக்கிற சாக்கில் நறுவிலித்துறைக்குப் போனேன். யசோமலர் அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நாகேந்திரம் அண்ணன்தான் வெளியே வந்தார்.

"போங்கோ பிள்ளை. அவ இப்ப கதைக்கமாட்டா."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தேன்.

மார்ச் 8, சனி. கப்பல்

அப்பா பக்கத்தில் இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தெரியல பாப்பா" என்றார்.

மார்ச் 12, புதன். வீடு

படகு கரையிலேயே நிற்கிறது. டென்சிலிடமிருந்து சாவியை அப்பா வாங்கிவிட்டார். அவன் என்னைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்துப் போகிறான். நேற்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னான்: "நான் நிறுத்தியிருந்தா எங்க மடி போயிருக்கும். அன்னைக்கு எங்கிட்ட ஒம்போது பேரு இருந்தாங்க போட்டுல, அவுங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" அவன் சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

உரிமையாளர் சங்கத்துக்கு விஷயம் எப்படியோ வந்துவிட்டது. அறைக்கு வெளியே போகாது என்றார்கள். எந்த அறைக்கும் சாவித்துவாரம் உண்டு. "அந்தப் பக்கம் போய் ஒத்துக்கிட்டு வந்தவன்" என்று அப்பாவைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போடும்போது தட்டைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிறாள்.

மார்ச் 15, சனி

தொண்டிப் பெண்களும் நறுவிலித்துறைப் பெண்களும் தங்களுக்குள் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். படகு உரிமையாளர் பகுதி காலியாக விடப்பட்டிருக்கிறது. தொண்டி அக்கா ஒருவர் ஃபோனில் சொன்னார். அவர்கள் சங்கம் பாதி வலை கொடுக்கும், மீதிக்கு நிதியில் பணம் இல்லை என்றும் சொன்னார்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிற்பகல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வலைக்கடைக்குப் போனார். நண்டு வலை ஒரு துண்டு வாங்கி, மாதிரிக்காக 'இருகரை' வழியாக அனுப்பினோம்.

மார்ச் 23, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அப்பாவின் ஃபோனில் இலங்கை எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன்.

"சேசடிமை ஐயா நிக்கிறாரோ?"

குரல் தெரிந்தது. "அக்கா" என்றேன். கடற்காற்று ஃபோனில் மோதுவது மட்டும் கேட்டது.

"அவரிட்டக் குடுங்கோ."

அப்பா வராண்டாவில் இருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

"நீங்கள் அனுப்பின வலை வந்தது. அது சரிவராது. கண் சின்னன். குஞ்சு நண்டெல்லாம் பிடிபடும். எங்கட சங்கத்தில அதுக்குத் தடை."

"அப்படியாம்மா? இங்க அதான் போடுறாங்க."

"உங்கட இடத்தில போடுவினம். எங்கட கடலுக்கு நாலரை இஞ்சிக் கண் வேணும். நூலும் இதைவிட மெல்லிசா."

"சரிம்மா. மாத்தி அனுப்புறேன்."

"எத்தினை துண்டெண்டு அண்டைக்குக் கேட்டனீங்கள். அவர் சொல்லேல்ல. முப்பத்தொண்டு. சங்கம் பதினாறு தந்தது."

"மிச்சம் பதினஞ்சும் வரும்மா. இந்த மாசம் அஞ்சு. மத்ததை ஒவ்வொண்ணா அனுப்புறேன். ஒரேயடியா முடியாது, போட்டு கரையில நிக்குது."

"ஏன் நிக்குது?" என்று அக்கா கேட்டார்.

அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "இனிமே எங்க இழுக்குறதுன்னு யோசிச்சிட்டு இருக்கேம்மா."

"ம்" என்றார் அக்கா. அதில் இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை. பிறகு சொன்னார்: "கண்ணளவு, நூலளவு எல்லாம் சொல்லிறன், எழுதி வையுங்கோ. பிறகு மாறி வந்தால் திருப்பி அனுப்ப ஏலாது."

"எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத வராதும்மா."

"பக்கத்தில நிக்கிற ஆளை எழுதச் சொல்லுங்கோ. சொல்லிறதைச் சொன்னபடி எழுதச் சொல்லுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன். அக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கண் நாலரை அங்குலம். நூல் மெல்லியது, வெள்ளை. உயரம், நீளம், மிதவை எத்தனை முழத்துக்கு ஒன்று, கீழ்க்கயிற்றுக்கு எவ்வளவு ஈயம். எல்லாவற்றையும் எழுதினேன்.

"எழுதியாச்சோ?"

"எழுதிட்டா" என்றார் அப்பா.

"வாசிக்கச் சொல்லுங்கோ."

வாசித்தேன். கடைசி வரை யசோமலர் அக்கா குறுக்கிடவில்லை.

"ஓம்" என்றார். "சரியாக் கிடக்கு."

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.